கேட் பாஸ்

ஃபெரிற்றின் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
ஹீமோகுளோபின் எண்பத்தாறு.
இரண்டையும் ஒரே தாளில் பார்த்ததும்
எனக்குச் சிரிப்பு வந்தது.
கிடங்கு நிறையச் சரக்கு,
வீதியில் ஒரு லொறி இல்லை.

பத்தொன்பது வருஷம் ஹமில்ற்றனில்
துறைமுகத்துப் பக்கம் ஓர் உருக்குக் கிடங்கில்
கேட் பாஸ் எழுதினவள் நான்.
சுருள் எண், எடை, லொறித் தகடு, நேரம்.
என் கையெழுத்தில்லாமல்
ஓர் ஆணிகூட வெளியே போனதில்லை.

உங்கள் கல்லீரலும் ஓர் ஆளை
வாசலில் நிறுத்தியிருக்கிறது என்றார் மருந்தாளர் சொஹ்ராப்.
ஹெப்சிடினாம்.
எங்கோ கிருமி புகுந்துவிட்டதென்று உடம்பு பயந்து
இரும்பைப் பூட்டிவைக்குமாம்,
கள்ளனுக்குக் கிடைக்கக் கூடாதென்று
வீட்டாரையும் பட்டினி போட்டு.
சிறுநீரகம் வேலை செய்தால்
அவனைக் கொஞ்சம் கழுவி அனுப்பும். என்னுடையது செய்யாது.

அவனைத் திட்ட வாய் வரவில்லை.
கதவடைப்பு நடந்த அந்த ஜனவரி
உள்ளே ஹீற்றருக்குப் பக்கத்தில் நான்.
வெளியே பீப்பாய் நெருப்பைச் சுற்றி
தினமும் எனக்குக் காலை வணக்கம் சொன்ன ஆட்கள்.
எழுதாதே என்றது மேலிடம்.
எழுதவில்லை.
சுருள்களை மட்டும் எண்ணினேன், இரண்டு தரம்.

செவ்வாய், வியாழன், சனி.
நாற்காலி பதினொன்று.
இரும்பு பிடித்த கை சும்மா இராதாம்.
நான் பிடித்தது பேனைதான்,
அதனாலோ என்னவோ
இரண்டு ஊசியோடு நான்கு மணி நேரம்
இந்தக் கை சும்மா இருக்கிறது,
தோலுக்கடியில் மட்டும் ஒரு வண்டு இரைகிறது.

மரிவிக் கொண்டுவரும் இரும்பு
பிளேன்ரீ நிறம்.
ஏறும்போது நாக்கில்
இந்த நாடு கைவிட்ட ஒரு சதக் காசு.
ஐஸ்கட்டி கடிக்க வேண்டும்போல் இருக்கும்.
அதையும் தண்ணீர்க் கணக்கில் எழுத வேண்டும்.

இரத்தத்தைத் திருப்பித் தருகிறார்கள், முழுவதும் அல்ல.
குழாயில் ஒட்டிய சிவப்பு, ஒரு தேக்கரண்டி,
மஞ்சள் வாளிக்குள் போகிறது.
என் கண் முன்னால்.
பாஸ் இல்லாமல்.

வீட்டுக்குப் படி பதினான்கு.
போன மாதம் ஏழாவதில் நின்று
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு
பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்க்கிறவள்போல் நடிப்பேன்.
இன்றைக்கு ஒன்பது.
கதவைத் திறந்ததும் கலண்டரில் குறித்தேன்:
படி, திகதி, நேரம்.
பழக்கதோஷம்,
கீழே கையெழுத்தும் போட்டேன்.