முப்பத்தெட்டு விநாடி

வங்கி தந்த நியமனக் கடிதத்தில்
எழுதுவினைஞர், தரம் மூன்று என்றிருந்தது.
என் இடது கையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
ஆனால் முகாமையாளர் குலுக்கக் கேட்டது
அந்தக் கையைத்தான்.

நாலு மணிக்குப் பேரேட்டை மூடிவிட்டு
கோட்டையில் ரயிலேறி
பம்பலப்பிட்டியில் இறங்கினால்
உப்புக்காற்றில் துருவேறிய இரண்டு வளையங்கள்.
அங்கேதான் என் உத்தியோகம்.

முதல் நாள் எல்லோரும்
"தீபன்! தீபன்!" என்று கத்தினார்கள்.
பெண்கள் அணியில் ஏது தீபன்?
மட்டக்களப்பிலிருந்து வந்து பதினொரு நாள்.
பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
மதிலோரம் அந்த ஆளைத் தேடினேன்.

மிஸ்ரியா வந்து பந்தைப் பிடுங்கினாள்.
"அது ஆள் இல்ல, சிங்களம்.
குடு எண்டு சொல்றாங்க.
என்னத்துக்குக் கட்டிப்புடிச்சிட்டு நிக்கிறீங்க?"

பிறகு பதின்மூன்று வருடம்
அவள் கொடுத்தாள், நான் போட்டேன்.
கொம்பனித்தெருச் சந்தியில்
ஓட்டோக்களுக்கிடையே வீதி கடப்பவள் மாதிரி
கண் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம்.
பத்திரிகையில் வந்ததெல்லாம் என் பெயர்.
ஒருமுறை சாந்தரூபியைச் சாந்தரூபன் ஆக்கியிருந்தார்கள்.
அவள் அதை வெட்டி
என் அலுமாரிக் கதவில் ஒட்டினாள்.

முழங்கால் போனது ஒரு செவ்வாய்க்கிழமை,
போட்டியில்கூட இல்லை,
வங்கிப் படிக்கட்டில், ஈரக் குடையோடு.
வைத்தியர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி
"என்ன வேலை செய்றீங்க?" என்றார்.
எழுதுவினைஞர் என்றேன்.
முதன்முறையாக அது உண்மையாயிருந்தது.

எட்டு மாதம் கழித்துக் கழுத்தில் விசிலை மாட்டினார்கள்.
பயிற்றுவிப்பாளர் என்றால்
ஒரு வெள்ளைக் கோடு.
மூன்று விரல் அகலம்தான்.
அதற்கு இந்தப் பக்கம் நின்று
மூன்று பாஷையில் தொண்டை கிழியலாம்
(கெட்ட வார்த்தைக்கு மட்டும் தமிழ்,
நடுவருக்கு விளங்காது).
கால் மட்டும் ஒவ்வொரு தாக்குதலுக்கும்
சப்பாத்துக்குள்ளே துள்ளும்.

அந்த இறுதிப் போட்டியில் தோற்றோம்,
அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.
சுகததாச உள்ளரங்கு, கூரையில் மழை.
ஒரு புள்ளி பின்னால்.
எதிரணியின் ஒன்பதாம் இலக்கம்
மிஸ்ரியாவை இரண்டு முறை தாண்டிப் போனாள்,
மூடாத கதவைத் தாண்டுவதுபோல.
முப்பத்தேழு வயது. மூச்சு
முதுகில் தெரிந்தது.
அடுத்த பந்தை அவள் தட்டிவிட்டாள்,
அது கோட்டைக் கடந்து உருண்டு
என் காலடிக்கு வந்தது.
கடிகாரத்தில் முப்பத்தெட்டு விநாடி.

குனிந்து எடுத்தேன்.
மேசைப் பக்கம் திரும்பி
ஆளை மாற்றக் கேட்டேன்.
துலஞ்சலி ஏற்கெனவே எழுந்து
ஜேர்சியை உள்ளே செருகிக்கொண்டிருந்தாள்.

மிஸ்ரியா என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலே எல்லாம் தெரிந்தவள்.
நடந்து வந்தாள், தண்ணீர் வேண்டாம் என்றாள்,
வாங்கின் கடைசியில் இருந்தாள்,
ஒருநாளும் நான் அவளை அங்கே கண்டதில்லை.

நடுவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.
அரங்கம் முழுக்கச் சத்தம்.
நான் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி
ஏனென்று தெரியாமல்
கோட்டின் விளிம்பில்.

பின்னாலிருந்து, மெல்ல,
கோபமா சிரிப்பா தெரியவில்லை:

"தீபன்."