நீலம் முதலில் களைக்கும்

காலை ஒன்பதுக்கு பாரில் யாருமில்லை.
கவிழ்த்த நாற்காலிகள், பினாயில்,
நேற்றைய ஊறுகாய் வாசனை.
அந்துவான் ஷட்டரைப் பாதி தூக்கி
என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்,
வயர்மேன் வரவில்லையா என்று.
நான்தான், என்கிறேன்.
லைசென்ஸிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது:
சி. எமல்டா, வயர்மேன்.

பெண்ணையாறு தாண்டி முள்ளோடையில்
மாநிலம் மாறுகிறது,
சரக்கின் விலை, போலீஸின் தொப்பி மாறுகிறது.
கன்னியக்கோயில் சுவரில் மீட்டரை வைத்தால்
கடலூரில் விட்டுவந்த அதே
இருநூற்று முப்பது.

அவருக்கு வேண்டியது
பாட்டில்களுக்குப் பின்னால் கலர் கலராக ஒரு வெளிச்சம்.
சனிக்கிழமை ஊதா, மற்ற நாள் நீலம்,
கணக்கு முடிக்கும்போது வெள்ளை.
மச்சான் மகன் வாங்கித் தந்த ஐந்து மீட்டர் பட்டை,
எந்த மோடத்திலிருந்தோ கழற்றிய
ஒரு ஆம்பியர் அடாப்டர்.
"சுவத்துலயே நேரா சொருகிட முடியாதா?"

முடியும்.
ஒரு தடவை.

பட்டை கேட்பது பன்னிரண்டு வோல்ட்.
சுவரில் இருப்பது ஐப்பசி மாதத்துக் கெடிலம்.
அதை டம்ளரில் பிடிக்க வேண்டும்,
டம்ளரும் உடையாமல், கையும் போகாமல்.
மீட்டருக்குப் பதினான்கு வாட்,
ஐந்து மீட்டருக்கு எழுபது,
பன்னிரண்டால் வகுத்தால் கிட்டத்தட்ட ஆறு ஆம்பியர்.
பீர் அட்டைப்பெட்டியின் முதுகில் எழுதிக் காட்டுகிறேன்.
எங்கே ஏமாற்றுகிறாள் என்று தேடியபடி
பில்லைப் படிப்பதுபோல் படிக்கிறார்.

துளைத்துளையாகத் தகரப் பெட்டி, பத்து ஆம்பியர்,
என் பையிலேயே இருக்கிறது.
ஒரு பக்கத்துத் திருகுகளில் ஆளைக் கொல்லும் மின்சாரம்,
மறுபக்கம் தொட்டால் தெரியக்கூடத் தெரியாத மின்சாரம்.
நடுவே ஒரு விரற்கடை.
அந்த விரற்கடைக்குத்தான் எனக்குக் கூலி.

எர்த் எங்கே என்றேன்.
பிளக்கில் மூன்றாவது துளை இருந்தது,
துளைக்குப் பின்னால் கம்பி இல்லை.
"அது சும்மா அழகுக்கும்மா."
ஃப்ரிட்ஜ் பக்கமிருந்து பச்சைக் கம்பி இழுத்து வந்ததில்
மணி பதினொன்று.

ரிமோட்டில் வெள்ளையை அழுத்தினேன்.
மேல் அடுக்கில் பால்.
நடுவில் பால்தான், கொஞ்சம் தண்ணீர் கலந்தது.
கடைசி அடுக்கில் ரோஸ்மில்க்.

"பட்டை டூப்ளிகேட்டா?"
இல்லை.
வெள்ளை என்று தனியாக இதில் எதுவும் கிடையாது,
சிவப்பும் பச்சையும் நீலமும்
சேர்ந்து நின்று சொல்லும் பொய் அது.
மெல்லிய செம்பில் ஐந்து மீட்டர் வருவதற்குள்
வோல்ட் வழியிலேயே கொஞ்சம் சூடாகச் சிந்திவிடும்.
நீலத்துக்குப் பசி அதிகம், முதலில் களைக்கும்.
சிவப்பு கிடைத்ததை வைத்து நிற்கும்.

கடைசி அடுக்கில் குவார்ட்டர்கள்.
அந்த மஞ்சள் லேபிளை எனக்குத் தெரியும்.
எங்கள் வீட்டு அரிசி டின்னுக்குப் பின்னால்
ஆறு வருடம் இருந்தது,
விளக்கு எதுவும் இல்லாமல்.
இருட்டில் தடவியே அவர் எடுத்துவிடுவார்.

"விடும்மா. குவார்ட்டர் வாங்குறவன்
லைட்டையா பாக்கப் போறான்?"

விடவில்லை.
பெட்டியிலிருந்து தடித்த வயரைத் தனியே இறக்கி
பட்டையின் மறு முனையிலும் ஊட்டினேன்.
நான்கு சால்டர், நான்கு பொட்டுப் புகை.
வயர் காசைப் பில்லில் சேர்க்கவில்லை.
அரைகுறை வேலை செய்து பழக்கமில்லை என்றேன்.
அது முழு உண்மை இல்லை,
முழு உண்மை எனக்கும் தெரியாது.
மஞ்சள் லேபிள் பளிச்சென்று நின்றது,
மேல் அடுக்கு ஸ்காட்ச் போலவே.

"ராத்திரி வந்து பாரும்மா, எரியும்போது."
சரி என்று சொல்லி வைத்தேன்.

செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
பெண் கான்ஸ்டபிள் என் பைக்குள் கைவிட்டாள்:
டெஸ்டர், டேப், சால்டரிங் அயர்ன்,
அளவு போக மிஞ்சிய ஒரு முழம் பட்டை.
"பாட்டில் ஏதாவது?"
இல்லை.
பட்டையைச் சுருள் பிரித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.
"இது?"

மிச்ச வயர், மேடம், என்றேன்.