ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கிராம்

பெட்டி என் கவுண்டருக்கே வந்தது.
'உடையும் பொருள்' என்று நான்கு பக்கமும் சிவப்பு ஸ்டிக்கர்.
நானே ரசீது கிழித்து
நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.
பார்சல் ஆபீஸ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரண்டு சக்கரங்களையும் எடைமேடையில் அடுக்கினேன்.
ஒன்று நான்கு ஒன்று இரண்டு.
பழைய ஜோடி ஒன்று ஒன்பது எட்டு பூஜ்ஜியம்.
மிச்சம் ஐந்நூற்று அறுபத்தெட்டு கிராம்,
அதற்குப் பதினெட்டு மாதத் தவணை.
சும்மா இராமல் நானும் ஏறி நின்றேன்.
எண்பத்து மூன்று கிலோ எழுநூறு.
மெஷின் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

இந்த ஊரில் ஐந்துக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்.
ஏழரைக்கெல்லாம் வெயில்
டோல்கேட் போட்டு உட்கார்ந்துவிடும்.
கிரீன் சர்க்கிளில் ஒரு மிதி.
ஒரே மிதிதான்.
வண்டி என்னை விட்டுவிட்டுப் போகிறது,
'இரு, வரேன்' என்று வாயெடுப்பதற்குள்
நானும் அதன் மேல்தான் இருக்கிறேன்.

பயம் பாலாற்றுப் பாலத்தில் வந்தது.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
யாரோ மூட்டையாய்க் கொட்டிய கோழி இறகு.
ஒன்றுமில்லாத ஆறு என்றுதான்
இத்தனை வருஷம் கடந்துகொண்டிருந்தேன்.
உயர விளிம்புச் சக்கரத்துக்கு அது தெரியாதே.
ஆம்பூர்ப் பக்கமிருந்து கிழக்கே
கரை முட்ட ஓடிக்கொண்டிருந்த காற்று
முன்சக்கரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு.
நடுரோட்டில் இருந்தேன்.
திருப்பதி பஸ் ஹாரனாலேயே திட்டிவிட்டுப் போனது.
ஆற்றில் வெள்ளம் என்று
எனக்குச் சொன்னது ஐம்பது மில்லிமீட்டர் கார்பன்.

ரயில்வே மேம்பாலம் இறங்கும்போது
மிதிப்பதை நிறுத்தினேன்.
பழைய ஹப் வாய் திறக்காது.
இது கிர்ரென்று காட்பாடியை எழுப்பியது.
துரத்த எழுந்த மூன்று நாய்கள்
சத்தத்தைக் கேட்டு, யோசித்து, படுத்துக்கொண்டன.
டீக்கடையிலிருந்து ஒரு குரல்:
"இன்னா சார், செயின் அவுந்துகீதா?"

டியூப் கிடையாது.
முன்பு நூறு அடிப்பேன், இப்போது அறுபத்தைந்து.
சேர்க்காடு தாண்டி, குழாய் பதிக்கத் தோண்டி
அவசரமாக மூடிய அந்தத் தழும்பு
ஞாயிறுதோறும் என் மணிக்கட்டில் கையெழுத்துப் போடும்.
இன்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிட்டது.

வள்ளிமலைக்கு முந்தைய ஏற்றத்தில்
எப்சிபா என்னைக் கடந்து போனாள்.
அவளுடையது ஏழு வருஷத்து அலுமினியம்,
பின்சக்கரத்தில் ஒரு கம்பி மட்டும் வேறு நிறம்.
ராத்திரி பத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து
நாலு மணிக்கு எழுந்தவள்.

அடிவாரத்தில் தண்ணீர் குடிக்கும்போது
என் விளிம்பை விரலால் தட்டிப் பார்த்தாள்.
காலிக் குடம் மாதிரி பதில் வந்தது.
"எவ்ளோ?"
விலையைத்தான் கேட்கிறாள்.
நான் எடையைச் சொன்னேன்.
பாட்டில் வாயிலேயே நின்றது.
"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டா?
நேத்து சாயந்தரம் எங்க வார்டுக்கு ஒருத்தி வந்தா.
ஆயிரத்து நானூத்தி அஞ்சு."

"மூச்சு?"

"அவளேதான் விடறா.
அப்பப்ப மறந்துபோயிடுவா.
பாதத்துல ஒரு சுண்டு சுண்டுனா
ஞாபகம் வந்துடும்."

"பேரு?"

"வெக்கல. கையில கட்டியிருக்கறது
பேபி ஆஃப் அம்சவேணி, ஒடுகத்தூர்."

திரும்பும் வழியில் அவள் பேசவில்லை.
விறைப்பு, உருளல், ஏற்றத்தில் எத்தனை வினாடி,
யாராவது கேட்டால் சொல்ல
நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தேன்.
மீட்டரைப் பார்க்க மறந்துவிட்டேன்.
பாலத்தில் இப்போது காற்று வலப்பக்கம்.
பிடியைத் தளர்த்தினேன்.
ஆடியது.
விட்டேன்.
தானாக நேராயிற்று.

திங்கட்கிழமை முதல் பார்சல் வாணியம்பாடிக்கு.
ஒன்று நான்கு நான்கு பூஜ்ஜியம்.
இரண்டு கையாலும் தூக்கி, இரண்டு கையாலும் இறக்கினேன்.
அனுப்ப வந்தவர் சிரித்தார்:
"ஒடையற சாமான் இல்ல சார்,
சும்மா போடுங்க."