பேர் வெட்டு

பேராயி,
உன்மேல் போட்ட மண் இன்னும் இறுகவில்லை.
பகலில் தப்படித்து உன்னைத் தூக்கிவந்தபோது
பழைய பங்களாவின் விறகுக் கிடங்கில்
காதைப் பொத்திக்கொண்டு கிடந்தேன்.
பெற்றவள் ஒருத்தி
பிள்ளையின் எழவுக்குப் போக
இருட்டட்டும் என்று காத்திருந்தாள்.

எனக்கு இருபத்தாறு வயது.
உனக்கு எண்பத்திரண்டு.
இதை யாரிடம் சொல்லி அழ?

அந்தத் துரை என் கழுத்தில் வாய் வைத்த மாசம்
நீ தவழத் தொடங்கியிருந்தாய்.
அவனும் ஒரு சாவுக்கு அழுதவன்தான்.
காய்ச்சலில் போன துரைசாணிக்குச்
சிறகுள்ள பெண்ணைக் கல்லில் செதுக்கி வைத்தான்.
அதன்பின் எவரையும் சாகவிட அவனுக்கு மனமில்லை.
அல்லது பசி.
ராத்திரியில் இரண்டுக்கும் ஒரே முகம்.
என் பால் அன்றைக்கே வற்றிப்போனது.

நான் நட்ட தேயிலை ஏழாம் நம்பர் மலையில் நிற்கிறது.
மரமாக வேண்டிய சாதி,
கவ்வாத்துக் கத்தி விடவில்லை.
நூறு வயதை நெருங்கியும் இடுப்புயரம்,
மழைக்கு மழை அதே பச்சைக் கொழுந்து.
இளமை என்பார்கள்,
வேரைத் தோண்டிப் பார்க்காதவர்கள்.

உன் அப்பன் படுத்த குழி
மவுசாக்கலைத் தண்ணீருக்கு அடியில்.
கோடையில் நீர் இறங்கினால்
பழைய கோயிலின் தலை தெரியும்.
அவன் தெரியமாட்டான்.

போன அமாவாசைக்கு உன் காம்பராவுக்கு வந்தேன்.
இஸ்தோப்பில் யோகராசன் போர்த்திக்கொண்டு தூங்கினான்.
அட்டைக்கென்று நீ வைத்த உப்பு
வாசற்படியில் கசிந்துகொண்டிருந்தது.
யாராவது 'உள்ளே வா' என்றால்தான் நான் நுழையலாம்.
நீ சொன்னாய்,
கண்ணைத் திறக்காமல்.

"அம்மாவா?"
பிறகு திறந்து பார்த்து,
"என் பேத்தி மாதிரி இருக்க" என்று சிரித்தாய்,
சிரிப்பு இருமலாயிற்று.
உன் கழுத்தில் ஒரு நரம்பு, நூலாக, துடித்தது.
ஒரு கடிதான் பேராயி,
நீ போகவேண்டியதில்லை என்றேன்.

"நாப்பத்தெட்டு வருசம் பெரட்டுக்கு நின்னாச்சு.
பேர வெட்டச் சொல்லு.
கால் நோவுது."

சாயத்தண்ணி கேட்டாய்.
என் கை பட்ட கோப்பை உடனே ஆறிப்போனது.
ஆறியதையும் குடித்தாய்.

அட்டைக்குக்கூட வயிறு நிறைந்தால்
பிடியை விட்டு விழத் தெரியும்.
நான் விடியும்வரை
பல்லைக் கடித்துக்கொண்டு உன் பக்கத்தில் இருந்தேன்.
என் வாழ்நாளில், அதை வாழ்நாள் என்று சொல்லலாமென்றால்,
உனக்குச் செய்தது அது ஒன்றுதான்.

இப்போது மழை விட்டு மூட்டம் இறங்குகிறது.
உன் தலைமாட்டுப் பலகையில்
யாரோ சுண்ணாம்பால் எழுதியிருக்கிறார்கள்.
நடுவில் 'ரா' மட்டும் கரைந்துவிட்டது.
பேயி என்று நிற்கிறது.
அது என் பேரல்லவா.

நகத்தால் கீறுகிறேன்.
ஈரப் பலகை, சிலாம்பு ஏறுகிறது,
ரத்தம் வரவில்லை.
கொம்பு கொஞ்சம் கோணல். இருக்கட்டும்.

கீழே பெரட்டுக்குச் சங்கு ஊதுகிறது.
யார் யாரையோ கூப்பிடுகிறார்கள்.
நான் போகவேண்டும்.