ஏழு மில்லிமீட்டர்

பெட்டி மணலிக்கு வந்து பதினோரு நாள்.
ஜீரோ கேட்டில் டிரெய்லர் நின்ற இரண்டு இரவை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.
முதலாளி சேர்ப்பார்.

உள்ளே நானூறு விரிப்பு.
ஆரஞ்சு நிறம், ஓரத்தில் எட்டுக் கைப்பிடி.
லிஃப்ட் நின்றுபோன ஆஸ்பத்திரியில்
நடக்க முடியாதவரை இதில் கிடத்தி
படி படியாக இறக்கலாம் என்று
அட்டையில் படம் போட்டிருக்கிறான்.
படத்தில் கிடப்பவருக்கு முகம் இல்லை.

நெய்தது பாலியெஸ்டர் நூல்.
பூசியது பிளாஸ்டிக்.
துணி என்றால் அறுபத்து மூன்றாம் அத்தியாயம்,
பிளாஸ்டிக் என்றால் முப்பத்தொன்பது.
பத்தொன்பது வருஷமாக இந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறேன்,
உயிரைக் காப்பது என்று தனி அத்தியாயம் கிடையாது.
லைஃப் ஜாக்கெட்டுக்கு மட்டும் ஒரு வரி உண்டு.
மிதக்கிறவர்களுக்கு அது.
படிக்கட்டில் யாரும் மிதப்பதில்லை.

அப்ரைசர் சுகிர்தா மேடம் சொன்னார்:
விதி இருக்கே, ராயப்பன்.
ஏழு மில்லிமீட்டர் உருளையில் கையால் வளைக்கணும்.
உடைஞ்சா பிளாஸ்டிக். உடையலேன்னா துணி.
சூடு பதினைந்துக்கு மேலே, முப்பதுக்குள்ளே.

ஷெட்டில் முப்பத்தெட்டு.
அக்னி நட்சத்திரத்தின் ஆறாம் நாள்,
தகரக் கூரை, ரிஃபைனரிப் புகைபோக்கியில்
பகலிலும் அணையாத அந்த நெருப்பு வேறு.
பெட்டியை இறக்கிவிட்டு நின்ற எத்திராஜு கேட்டான்:
"முப்பதுக்கு மேலே போனா நாமெல்லாம்
எந்த சேப்டர், மேடம்?"
மேடம் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்தார்.

ஒரு விரிப்பின் மூலையைக் கத்தரித்து
ஏசி அறைக்கு எடுத்துப் போனோம்.
துணி குளிரட்டும் என்று காத்திருந்தோம்,
அந்தச் சாக்கில் நாங்களும் குளிர்ந்தோம்.
பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரியணும் என்று இன்னொரு விதி.
மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
பூச்சு, துணி, நான், எதுவும் தெரியவில்லை போல,
மறுபடி மாட்டிக்கொண்டார்.
உருளைக்கு ஆபீசில் பென்சில்தான் இருந்தது.
சுற்றினார். அழுத்தினார். விரித்தார்.
உடையவில்லை.
ஆனால் வளைந்த இடத்தில்
மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

இது உடைசலா, இல்லையா?
புத்தகம் அதைச் சொல்லவில்லை.

மேடம் கேட்டார்: இதன் வேலை என்ன,
செய்து காட்டுங்கள்.

எங்கள் ஹவுசிங் போர்டு மூன்றாம் மாடியிலிருந்து
என் தம்பியைப் போர்வையில் இறக்கினோம்.
நாலு முனை, ஐந்து பேர்.
இரண்டாம் மாடித் திருப்பத்தில் போர்வை கிழிந்தது.
அதை நான் மேடத்திடம் சொல்லவில்லை.
கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது
என் தொழில்.

எத்திராஜு தானாக வந்து படுத்தான்.
ஆறு பேர் தூக்கினார்கள், ஏழாவது நான்.
எட்டாவது கைப்பிடி தொங்கியது.
கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு
மேடம் அதைப் பிடித்துக்கொண்டார்.
டிரெய்லர்களுக்கு நடுவே நடந்தோம்,
ஆபீசின் மூன்று படி ஏறினோம், இறங்கினோம்,
மறுபடி ஏறினோம்.
யாரோ சொன்னார்கள், தூங்கிட்டான்யா.

இரண்டு ஷிஃப்ட் பார்த்த உடம்பு.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
எழுப்பு என்று யாரும் சொல்லவில்லை.
ஏசி அறையின் தரையில் மெதுவாக வைத்தோம்.
சுவரில் இருபத்தாறு காட்டியது.
மேடம் அவன் காலைத் தாண்டிப் போய் உட்கார்ந்து,
அதே பென்சிலால் குறிப்பெழுதி,
பிறகு பேனாவால் அதன் மேலேயே எழுதினார்.

முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் கணக்கில் நிற்கும்.
மூலை போன ஒன்றுக்கு
முதலாளியிடம் கடிதம் வாங்கணும்,
நாளைக்கு அதற்கு ஒரு நடை.

ஐந்தரைக்கு எத்திராஜு எழுந்தான்.
எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் பார்த்தான்.
"அண்ணே, என்ன எழுதுச்சு மேடம்?"
துணி, என்றேன்.
சரி என்று முதுகைச் சொறிந்துகொண்டே
கதவைத் திறந்து போனான்.
வெளியே இன்னும் முப்பத்தைந்து இருக்கும்.