கழுத்தளவு

கோடைப் பயிற்சியின் முதல் வாரம்
எனக்குக் கிடைத்த வேலை சட்டம் அல்ல,
சட்டை.

லேக் சார்ல்ஸ். வக்கீல் வைக்க வக்கில்லாதவர்களுக்கு
அரசு கொடுக்கும் வக்கீல்களின் அலுவலகம்.
கழிவறைக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி.
உள்ளே, யார் யாரோ இறந்தபின் வந்த கோட்டுகள்,
ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர்
பெட்டியில் போட்டு அனுப்பிய நாற்பது டைகள்.
ஜூரியின் முன் நிற்கும் நாளில் மட்டும்
ஆரஞ்சு உடுப்பைக் கழற்றிவிட்டு
எங்கள் ஆட்கள் போட்டுக்கொள்ள.

"ஃபாண்டனோவுக்குத் திங்கட்கிழமை விசாரணை.
போய்க் கழுத்தளவு கேட்டு வா"
என்றார் மார்கோ டூசே,
நூற்று எழுபத்தொன்பது கோப்புகளிலிருந்து
தலையைத் தூக்காமல்.

சிறைக்குள் அளவுநாடா கூடாது.
நுனியில் தகரம் இருக்கிறதாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடெல் ஃபாண்டனோ.
வயது ஐம்பத்திரண்டு. உள்ளே வந்து பதினோரு மாதம்.
வெள்ளம் வடிந்த ஒரு காலி வீட்டிலிருந்து
பத்தொன்பது அடி செம்புக்குழாய்,
அதுதான் வழக்கு.
ஜாமீன் தொகையை அவர்
எண்ணிப் பார்த்திருக்கிறார், எழுத்தில்.

வகுப்பில் சொல்லித் தந்த முதல் கேள்வி
மனப்பாடமாக இருந்தது:
நடந்ததை உங்கள் வார்த்தைகளில் சொல்லுங்கள்.
தொலைபேசியை எடுத்தேன்.
"கழுத்தளவு எவ்வளவு?"

அவர் யோசித்தார்.
"எந்தப் புயலில்?"

பிறகு சிரித்தோம், அவர் முதலில்.
சட்டைக்கு என்றேன்.
கடைசியாகக் காலர் வைத்த சட்டை போட்டது
தங்கை கல்யாணத்தில் என்றார்,
அதுவும் இரவல்.

வாங்கியை வைத்துவிட்டு
இரண்டு கையாலும் தன் கழுத்தைச் சுற்றிப் பிடித்தார்.
கட்டைவிரல்கள் தொட்டன.
மற்ற விரல்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி.
காவலர் பாய்ந்து வந்தார்.
ஒரு மனிதன் தன் கழுத்தில் கைவைத்தால்
அங்கே அதற்கு வேறு அர்த்தம், வேறு படிவம்.
"சட்டைக்கு, சட்டைக்கு" என்று நான் கத்தியது
கண்ணாடியைத் தாண்டியிருக்காது.

இழுத்துப் போகும்போதும் அவர்
கைகளை அந்த வளையமாகவே வைத்திருந்தார்
நான் பார்த்துக்கொள்ளட்டும் என்று.
நானும் என் கைகளை அப்படியே வளைத்துக்கொண்டு
இரண்டு கதவு தாண்டினேன்.
மூன்றாவதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.
கலைந்துவிட்டது.

பதினாறரை என்று மார்கோவிடம் சொன்னேன்,
உறுதியாகத் தெரிந்தவள் போல.

நீலச் சட்டை ஒன்று இருந்தது.
காலரின் உள்ளே பழைய சலவைச் சீட்டு: பெல்லார்ட்.
"இவருக்கு என்ன ஆயிற்று?"
"சட்டைகளுக்குக் கணக்கு வைக்காதே."
இருமுறை இஸ்திரி போட்டேன்.

திங்கள் காலை எட்டு ஐம்பதுக்கு
அரசுத் தரப்பு ஒரு காகிதத்தோடு வந்தது.
குற்றத்தை ஒப்புக்கொண்டால்
இருந்த பதினோரு மாதமே தண்டனை,
இன்றே வீடு.
மறுத்தால் ஜூரி. தோற்றால் ஆறு வருஷம்.
மார்கோ எல்லாவற்றையும் விளக்கினார்,
அவசரப்படாமல், ஆறு நிமிடத்தில்.

அவர் ஆரஞ்சிலேயே நின்று
பன்னிரண்டு கேள்விகளுக்கு
ஆமாம் அம்மா, ஆமாம் அம்மா என்றார்.
யாரும் வற்புறுத்தவில்லையே என்பது ஒன்பதாவது.

திரும்பும்போது என் கையைப் பார்த்தார்.
"அதுவா?"
விலங்கு இருந்ததால் அவர் குனிந்தார்,
நான் காலரைக் கழுத்தருகில் பிடித்தேன்.
"சரியாக இருந்திருக்கும்" என்றார்.
ஒரு விரல் தொளதொளப்பு. எனக்குத் தெரிந்தது.

சட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோய்
அலமாரியில் அதே கொக்கியில் மாட்டினேன்.
பயிற்சிப் பதிவேட்டில், செய்த பணி என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள்தான் தெரிந்தது.
இரவு பதினொன்றே காலுக்கு விட்டிருக்கிறார்கள்,
கடைசிப் பேருந்து போய் ஐந்து மணி நேரம் கழித்து.
பிடித்த அன்று களைந்து வாங்கிய உடுப்பை
பையோடு திருப்பிக் கொடுத்தார்களாம்.
சேறு அப்படியே காய்ந்திருந்ததாம்.