மாலைமாற்று எடை

நேரு பிளேஸ், நான்காம் மாடி.
டோனர் நிரப்புகிறவருக்கும் டாங்கிள் உடைக்கிறவருக்கும் நடுவே
எங்கள் அலுவலகம்: மூன்று மேசை, ஓடாத ஒரு கூலர்.
லாரிகளை எடைபோடும் மென்பொருள் செய்கிறோம்.
மேகத்துக்கு அல்ல,
மண் படிந்த கீபோர்டுகளுக்கு;
நெட் போனாலும் வரிசை நகர வேண்டும்.

தில்லியில் ஒவ்வொரு எடைமேடைக்கும் ஒரு பேச்சு.
ஒன்று நொடிக்குப் பத்து முறை கத்தும்.
ஒன்று கேட்டால்தான் வாய் திறக்கும்.
நரேலாவில் ஒன்று
எண்ணுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போடும்,
எதைக் கண்டு என்று தெரியாது.
ஆகவே மையத்துக்கு நான் எதுவும் கற்றுத்தரவில்லை.
அதற்குத் தெரிந்தது மூன்றே கேள்வி:
இருக்கிறாயா?
எவ்வளவு?
போகலாமா?
பதில் சொல்லத் தெரிந்த எந்த ப்ளகினும் உள்ளே வரலாம்.
ஃபோல்டரில் போட்டால் போதும், ஊர் பேர் வேண்டாம்.
முனிர்க்காவில் எனக்கு அறை தந்தவர்
இதைவிட நிறையக் கேட்டார்.

ஆசாத்பூர் ப்ளகினை எழுதியவன் நவ்தேஜ்.
கனடா போகையில் மூலநிரலும்
அவன் லேப்டாப்போடு போய்விட்டது.
வஞ்சம் இல்லை, மறதி.
போன வாரம் அங்கே மின்பலகையை மாற்றினார்கள்.
புதுப் பலகை எண்ணைக் கடைசியிலிருந்து சொன்னது.
வெங்காய லாரிகள் வாசல் வரை.
டண்டன்ஜியின் பதினோராவது போன்.
நான் மையத்தைத் திறந்து மூன்று வரி சேர்த்தேன்:
வருகிற எண்ணைத் திருப்பு.
பக்கத்தில் ஒரு குறிப்பு, இன்றைக்கு மட்டும்.

சோதனைக்கு என்னிடம் இருந்தது ஒரே ஓர் எடை,
என்றோ காஜிபூரில் பதிவானது,
பன்னிரண்டாயிரத்து இருநூற்றுப் பத்து கிலோ.
ஆறு இலக்கத்தில்
012210.
ஓடவிட்டேன். பச்சை.
எல்லா மண்டிக்கும் அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

விகடகவி என்று பலகையில் எழுதி
பின்னாலிருந்து படித்து வகுப்பே சிரித்தபோது
நானும் சிரித்தவள்தான்.
மாலைமாற்றுக்கு விளக்கம் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

இரவு இரண்டரை, ஓக்லா மண்டி.
ஓர் உருளைக்கிழங்கு லாரி
நாற்பத்தாறு டன் எண்ணூற்றுப் பத்து.
018640, 046810.
சீட்டை விளக்கில் காட்டி
மெஹ்தாப் என்ற ஓட்டுநர் கேட்டார்:
நான் ஏற்றியது கிழங்கா, ரயில் எஞ்சினா?
யாரும் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் பதினேழு வண்டி.

லாரியை இறக்கச் சொல்லிவிட்டு நானே ஏறினேன்.
அவ்வளவு பெரிய இரும்பின் நடுவில் ஒருத்தி,
ஜனவரிப் பனி,
செருப்புக்கடியில் முட்டைக்கோஸ் இலை.
கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எடைக்காரர் வாசித்தார்
அறுபதாயிரம்.
பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
பிறகு மறுபடி திரையை.

கூண்டுக்குள் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து
மூன்று வரியையும் அழித்தேன்.
நவ்தேஜின் ப்ளகினைத் தொடவில்லை, தொடவும் முடியாது.
அதைச் சுற்றி இன்னொன்று எழுதினேன், மெலிதாக.
மையத்திடம் அது தன்னை மேடை என்று சொல்லும்,
நவ்தேஜிடம் தன்னை மையம் என்று.
உள்ளே அவன் எப்போதும்போல் தலைகீழாகச் சொல்வான்.
இது திருப்பிப்போட்டு வெளியே கொடுக்கும்.
மையத்துக்கு எதுவும் தெரியாது,
தெரியக் கூடாது.
அதற்கு எதையாவது தெரியவைக்கிறபோதெல்லாம்
எங்கோ ஓர் ஊரில் லாரி நிற்கிறது.

நான்கே முக்காலுக்கு மெஹ்தாப் மறுபடி ஏறினார்.
பதினெட்டு டன் அறுநூற்று நாற்பது.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.
எடைக்காரர் இஞ்சி டீ வாங்கிவந்தார்,
டம்ளருக்கு அடியில் என் பழைய சீட்டு.

சோதனைக் கோப்பில் இப்போது இரண்டு எடை.
இரண்டாவது
சால்வையும் லேப்டாப்பும் சேர்த்து
000060.